தமிழ் அறியாதவர் தந்த மீரா

ஒரு விசித்திரமான கணக்கை முதலில் வாசகர்கள் முன் வைக்கிறோம். தமிழ்ப் பேசும் படத்தின் சரித்திரத்தை எழுதப் புகும் ஒருவர், 'சதி லீலாவதி', 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரி குமாரி' ஆகிய ஐந்து படங்களை ஒதுக்கிவிட்டு எழுதிவிட முடியுமா? ஒருநாளும் முடியாது. இவற்றில் முதற்படத்தில்தான் எம். ஜி. ராமச்சந்திரன் திரையில் முதன்முதலாகத் தலை காட்டினார். இரண்டாவது படம் தியாகராஜ பாகவதரின் கீர்த்தியைப் பட்டிதொட்டிகளுக்கெல்லாம் கொண்டு சென்றது. மூன்றாவது படத்தில் ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும், எம். எஸ். சுப்புலக்ஷ்மி சகுந்தலையாகவும் தோன்றினார்கள். நான்காவது படத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஐந்தாவது படத்துக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி.

இந்த ஐந்து படங்களிலும் டைரக்டர் என்ற இடத்தில் காணப்படும் பெயர் ஒன்றே. அந்தப் பெயருக்கு உரியவர் தஞ்சாவூர்க்காரரும் அல்லர், மதுரைக்காரரும் அல்லர். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்திலுள்ள பார்ட்டன் என்ற சிற்றூரில் 1909-ம் வருஷம் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன் என்பவர் அவர். பதினைந்து வருஷ காலம் நம்மிடையே வாழ்ந்து, வரிசையாகத் தமிழ்ப் படங்களை எடுத்த இந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது!

சங்கீதமும் பக்தியும் கலந்த 'மீரா' போன்ற ஒரு படத்தை, பாட்டின் பொருளே அறியாத ஒருவர் எப்படி எடுத்தார்? எடுத்ததுதான் எடுத்தார், அதை நம்முடைய படம் என்று நாம் உரிமை கொண்டாடுவது எப்படிப் பொருந்தும்? இக்கேள்விகளைச் சற்று ஆற அமர யோசித்துப் பார்ப்பது நல்லது.

வந்த வழி

டங்கன் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாக் கலை பயின்றவர். அங்கே அவருடன் படித்தவர்களில் மாணிக்லால் டாண்டன் என்ற இந்தியரும் ஒருவர். நண்பரின் அழைப்பின் பேரில் 1935-ம் வருஷம் டங்கன் இந்தியா வந்து சேர்ந்தார். டாண்டன் அப்போது கே. பி. சுந்தராம்பாளை வைத்து 'நந்தனார்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள் என்ற செய்தி அந்நாளில் ஊரெல்லாம் பேச்சாயிருந்தது. அந்தப் படத்தில் டங்கன் நண்பருக்கு உதவியாயிருந்தார்.

அடுத்தாற்போல் 'சதி லீலாவதி'யை எடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிப் பத்திரிகையில் தொடராக வெளிவந்த கதை அது. குடிப் பழக்கத்தால் சீரழிந்து, இலங்கைத் தோட்டத்துக் கூலியாகிவிடும் ஒரு மனிதனின் கதை. அதுவரையில் தமிழ்த் திரையில் புராணங்களும் இதிகாசங்களுமே கொலுவீற்றிருந்தன என்று சொன்னால் அதில் பெரும்பாலும் தவறிராது. கிரீடமும் புஜகீர்த்தியும் இல்லாமல், நம்மைப் போல் உடுத்தி நம்மைப் போல் துன்பப்படும் மனிதர்களை 1936-ம் வருஷத்திலேயே திரைக்குக் கொண்டுவந்த சிலரில் டங்கனும் ஒருவர். எம். கே. ராதா, என். எஸ். கிருஷ்ணன், டி. எஸ். பாலையா முதலியோர் அந்தப் படத்தில் நடித்தார்கள்.

பிறகு 'அம்பிகாபதி' வந்தது. கம்பரின் மகனுக்கும் சோழ ராஜகுமாரிக்கும் ஏற்பட்ட காதல் கதையில், ஷேக்ஸ்பியரின் ரோமியோவும் ஜூலியத்தும் உப்பரிகையில் சந்திக்கும் காட்சியின் சாயலைக் காணலாம். அந்த நாடகத்தை டங்கன் வசனகர்த்தா இளங்கோவனிடம் எடுத்துக் காட்ட, இளங்கோவன் அதற்குத் தமிழ் உடை அணிவித்தார். உடை அணிவித்தவர் தேர்ந்தவராகையால் வந்த பெண் அயலூர்ப் பெண் என்று யாருக்கும் தோன்றவில்லை. சினிமா வசனத்துக்கு ஓர் இலக்கிய அந்தஸ்து உண்டு என்பதைத் தமிழர் உணரத் தொடங்கியது அந்தப் படத்தின் மூலந்தான்.

மொழி தெரியாத கண்

பாஷை தெரியாமல் படம் எடுப்பது என்றதும் நமக்கு வியப்பு உண்டாகிறது. ஆனால் 1931-ம் வருஷம் வெளியான நம் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' எப்படி இருந்தது? கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார்; கதாநாயகர் தெலுங்கில் பதில் சொன்னார். அதைக் கேட்டு ஜனங்கள் கொட்டகையை விட்டு எழுந்து போய்விடவில்லை. திரையிலே மனிதர்கள் பேசுகிறார்கள் என்பதே போதுமானதாயிருந்தது. ஆகையால் டங்கனின் தமிழறியாமையைக் கண்டு அந்த நாளில் யாரும் பெரிதாக அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. அக்காலத்துத் தமிழ்ப் படம் பெரும்பாலும் படம் பிடிக்கப்பட்ட நாடகமாகவே இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்திலிருந்து நம் நாடக மேடை பாட்டு மேடையாக இருந்து வந்தது. அந்த மேடையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து காமிராவுக்கு முன்னால் வைத்தார்கள். பாத்திரங்கள் வரிசையாக நிற்பார்கள், ஒருவர் பாடுவார், மற்றவர்கள் பாட்டு முடியும் வரையில் காத்திருப்பார்கள். 1934-ல் வெளியான 'பவளக்கொடி'யில் ஏறக்குறைய ஐம்பது பாட்டுக்கள்! கேட்பதற்குக் காது இருந்தால் போதும், கண்ணுக்கு அங்கே அதிக வேலை இல்லை.

டங்கனுக்கோ காது பயன்படவில்லை. வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, உதவியாளரின் துணையோடு வேலை செய்ய வேண்டியவராயிருந்தார். வார்த்தையின் அழகில் மயங்கிப்போகும் சுகம் அவருக்குக் கிட்டவில்லை. அதனாலேயே முகத்தைப் பார்த்தார், கண்ணிமையைப் பார்த்தார், நிற்கும் நிலையைப் பார்த்தார். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, காமிரா எப்போது நகர வேண்டும், எப்போது அசையாமல் இருக்க வேண்டும் என்று பார்த்தார். சொல்லின் உதவி இல்லாமலே காட்சி தன் பொருளைச் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்கு ஒரு கொள்கை மாத்திரமல்ல, பிழைப்புக்கே வழியும் அதுதான். கண் இழந்தவருக்குக் காது கூர்மையாகும் என்பார்கள். இங்கே காது மூடியிருந்தவருக்குக் கண் கூர்மையாயிற்று.

நம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருநாள் இந்தச் செய்தியைச் சொன்னோம். ஒரு பையன் எழுந்து, "பாட்டிலே சொல் தப்பினால் அவருக்கு எப்படித் தெரியும் சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தெரியாதுதான். அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். இந்த விஷயத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. தமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பதை டங்கன் அறிந்திருந்தார். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டார்.

யுத்த காலத்துப் படம்

'மீரா' விஷயத்தில் அந்தத் தெரிந்தவர்கள் யார்? படத்தை எடுத்தவர் ஸ்ரீ டி. சதாசிவம். அவருடன் கதை வசனத்தில் பங்கு கொண்டவர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி. இருவரும் தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள். 1941-ம் வருஷம் 'சாவித்திரி' படத்தில் ஸ்ரீமதி சுப்புலக்ஷ்மி நாரதராக வேஷம் தரித்துப் பெற்ற பணம், அவர்களுடைய பத்திரிகைக்கு முதலாயிற்று. பாட்டுக்களை இயற்றியவர்கள் பாபநாசம் சிவனும் கல்கியும். சங்கீத டைரக்டர் எஸ். வி. வெங்கட்ராமன். ராணாவாக நடித்த நாகையா தெலுங்கு நாட்டவர். காமிராவை இயக்கிய ஜிதன் பானர்ஜி வங்காளி. படம் உருவான கீழ்ப்பாக்கம் நியூடோன் ஸ்டூடியோவை நிறுவியவர்களில் அவர் ஒருவர். இன்னொருவர் பார்ஸியான தின்ஷா டெஹ்ரானி. இத்தனை பேரையும் ஒன்று சேர்த்து ஒரே படமாக்கும் வேலை ஓர் அமெரிக்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரத தேசம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்நாளில் தேசபக்தர்கள் கனவு கண்டார்களோ, அதன் சிறு மாதிரி ஒன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு கொட்டகைக்குள்ளே நடந்துகொண்டிருந்தது.

காலமோ பொல்லாத காலம். இரண்டாவது மகா யுத்தத்தினால் கச்சாப் பிலிம் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டளையிட்டார்கள். பேசும் படத்தின் பிலிம் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி வீதம் ஓடுவதாகையால், இது சுமார் இரண்டு மணி நேரப் படம். பதினெட்டாயிரம், இருபதாயிரம் அடி என்று தாராளமாகப் பழகிவிட்ட நம் படக்காரர்களுக்கு இது பெரிய இடி. ஆனால் டங்கனைப் பொறுத்த வரையில் இது வரப்பிரசாதம் என்றே சொல்ல வேண்டும். கதைக்கு வேண்டாததை வெட்டி எறிவதற்குச் சர்க்காரே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் அல்லவா?

யுத்தம் 1945 ஆகஸ்டில் ஓய்ந்தது. அடுத்து வந்த தீபாவளிக்கு, நவம்பர் 3-ம் தேதி 'மீரா' வெளியாயிற்று. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லிருந்தே மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பாக்கியம் அப்போது கிட்டவில்லை. இவ்வூரிலிருந்து பட்டணத்துக் கொட்டகையில் படம் பார்க்க வேண்டுமானால் தாம்பரம் வரையில் நீராவி வண்டியில்தான் போயாக வேண்டும். இன்று அதே படத்தைப் பிரயாணம் செய்தபடியே கைப்பேசியில் பார்த்துவிடலாம். சௌகரியம் பெருகியிருக்கிறது. பார்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்களா என்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

சிலையும் வெளிச்சமும்

டங்கனின் வேலைத் திறனுக்கு ஓர் உதாரணம். ஸ்ரீமதி சுப்புலக்ஷ்மியின் முகத்தை எந்தக் கோணத்தில், எவ்வகை வெளிச்சத்தில் எடுத்தால் மீராவின் பாவம் பூரணமாக வெளிப்படும் என்பதை அறிய, அவருடைய மார்பளவுச் சிலை ஒன்றைப் பிளாஸ்டர் மாவில் செய்யச் சொன்னார். டங்கனும் ஜிதன் பானர்ஜியும் அந்தச் சிலையின் மீது மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் விளக்கொளியைப் பாய்ச்சிப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எந்த ஒளியில் கண்கள் ஆழம் பெறுகின்றன, எந்த ஒளியில் கன்னத்து நிழல் சோகத்தைக் காட்டுகிறது என்பதெல்லாம் படப்பிடிப்புத் தொடங்குமுன்பே அவர்களுக்குத் தெரிந்துவிட்டன. பிலிம் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில் இது சிக்கனமான வழியுமாயிற்று. பாடகியைக் கொளுத்தும் விளக்குகளுக்கு முன்னால் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்து வாட்டாமல் இருந்ததும் ஒரு லாபம்.

இதன் பலனைப் படத்தில் காணலாம். மீரா பாடும்போது காமிரா அநாவசியமாக ஓடி ஆடுவதில்லை. முகத்தின் அருகே வந்து நின்று, பக்தன் சந்நிதியில் நிற்பதுபோல் நின்றுவிடுகிறது. அரண்மனையைத் துறந்து அவள் நடந்து செல்லும் கட்டங்களிலோ வெகு தூரம் பின்வாங்குகிறது. விரிந்த பூமியும் ஆகாயமும் பெரிதாகி, மனித உருவம் சிறிதாகிவிடுகிறது. நாயகியின் உள்ளத்தைக் காட்ட ஒரு காட்சி, அவளுடைய தனிமையைக் காட்ட மற்றொன்று. இந்த இரண்டுக்கும் வசனம் தேவையாயிருக்கவில்லை.

சிறுமி மீரா வளர்ந்த மீராவாக மாறும் கட்டத்தையும் குறிப்பிட வேண்டும். சிறுமியாக நடித்தவள் சதாசிவத்தின் மகள் ராதா. பிற்காலத்தில் ஸ்ரீமதி சுப்புலக்ஷ்மியுடன் கச்சேரி மேடைகளில் உடன் பாடியவர். குழந்தை கண்ணன் முன் பாடத் தொடங்குகிறாள். பாட்டு முடிவதற்குள் பாடுகிறவள் யுவதி ஆகிவிடுகிறாள். 'ஆண்டுகள் பல கழிந்தன' என்று எழுதிக் காட்டவில்லை. காலம் கழிந்தும் பக்தி மாறவில்லை என்ற செய்தியைப் பாட்டே ஏந்திச் செல்கிறது. சங்கீதத்தைக் கதைக்கு நடுவே வைத்த அலங்காரமாகக் கருதாமல், கதையை நடத்தும் வாகனமாகக் கருதியவரால்தான் இப்படி ஒரு கட்டத்தை அமைக்க முடியும்.

படப்பிடிப்புக் குழு ராஜபுதனத்துக்கும் பிருந்தாவனத்துக்கும் துவாரகைக்கும் நேரில் சென்றது. திரைச்சீலையில் எழுதிய அரண்மனைகளையே பார்த்துப் பழகியிருந்த தமிழ் ஜனங்கள், மேவார் நாட்டின் கல்லையும் வெயிலையும் நிஜமாகவே கண்டார்கள்.

மேனாட்டுப் பாட்டுப் படங்கள்

பாட்டாலே கதை சொல்லும் படம் நமக்கு மட்டுமே சொந்தம் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு டைரக்டர் ரெனே கிளேர் 1930-ம் வருஷம் 'பாரிஸ் நகரக் கூரைகளின் கீழே' என்ற படத்தை எடுத்தார். தெருவில் பாட்டுப் பாடி, பாட்டு அச்சிட்ட காகிதங்களை விற்றுப் பிழைக்கும் ஒருவன் அதில் கதாநாயகன். நம் கொட்டகை வாசல்களில் பாட்டுப் புத்தகம் விற்றவர்கள் அவனைக் கண்டால் உறவு கொண்டாடியிருப்பார்கள்! பேச்சு வந்துவிட்டதால் படத்தின் காட்சி அழகு கெட்டுவிடும் என்று அஞ்சியவர் கிளேர். ஆகையால் பேச்சைக் குறைத்துப் பாட்டுக்கு இடங்கொடுத்தார். காமிராவைக் கூரையிலிருந்து தெருவுக்கு இறக்கினார். 1964-ம் வருஷம் ஜாக் டெமி என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் 'ஷெர்பூர் நகரத்துக் குடைகள்' என்ற படத்தில், சாதாரணப் பேச்சு உள்பட எல்லாவற்றையும் பாட்டாகவே அமைத்தார். கான் நகரத்துத் திரைப்பட விழாவில் அதற்கு அந்த வருஷத்தின் முதற்பரிசு கிடைத்தது. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேடனும் வள்ளியும் பாட்டிலே தர்க்கம் செய்வதைக் கேட்ட நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

கிளேரும் டெமியும் தங்கள் பாஷையில், தங்கள் தெருக்களைப் பற்றிப் பாட்டுப் படம் எடுத்தவர்கள். டங்கனின் வேலை அதைவிடக் கடினமானது. தம்முடையதல்லாத பாஷையில், தாம் பிறந்து வளராத பக்தி மார்க்கத்தைப் பற்றி, தம் காது பழகாத சங்கீதத்தைக் கொண்டு அவர் படம் எடுத்தார். கிளேருக்கு இருந்த புகழ் உலகம் முழுவதும் பரவியது. டங்கனின் பெயரோ அவருடைய சொந்த நாட்டிலும் சிலருக்கே தெரியும்.

குறைகளும் உண்டு

புகழ வந்த இடத்தில் குறைகளை மறைப்பது ரஸிகனுக்கு அழகல்ல. 'மீரா'வின் வசனம் சில இடங்களில் மேடைப் பேச்சாகவே ஒலிக்கிறது. மேவார் ராணாவும் மந்திரி பிரதானிகளும் சுத்தத் தமிழில் முழங்கும்போது ராஜபுதனம் சற்றே தூரமாகிவிடுகிறது. ஹாஸ்யம் என்ற பெயரில் வரும் பகுதிகள் கதையின் ஓட்டத்துக்கு இடைஞ்சல் செய்கின்றன.

சரித்திர ஆசிரியர்களுக்கு இன்னொரு ஆட்சேபம் உண்டு. மீரா மணம் புரிந்தது 1516-ம் வருஷம், ராணா சங்காவின் மகன் போஜராஜனை. அவன் தந்தைக்கு முன்பே இறந்துபோனான். ராணா ஆகவே இல்லை. படத்திலோ அவள் கணவன் மேவாரின் ராணாவாகச் சிம்மாசனத்தில் இருக்கிறான். அக்பர் பாதுஷாவின் சபையைச் சேர்ந்தவர்கள் மாறுவேடத்தில் வந்து அவள் பாட்டைக் கேட்டு முத்து மாலை அளிக்கிறார்கள்; அதனால் விபரீதம் விளைகிறது. அக்பர் பிறந்ததே 1542-ல். மீராவின் இறுதிக் காலத்தில் அவர் தொட்டிலை விட்டிறங்கிய குழந்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்தப் பிழை டங்கன் செய்ததும் அல்ல, கல்கி செய்ததும் அல்ல. வடநாட்டு மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கர்ண பரம்பரைக் கதை அது. பாதுஷாவின் பெருமையும் ஒரு பெண்ணின் பக்திக்கு முன்னால் தலை குனிந்தது என்று சொல்ல விரும்பிய ஜனங்கள், காலத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்கள். வகுப்பில் இதைத் திருத்திச் சொல்வோம், கொட்டகையில் மன்னித்துவிடுவோம்.

வடக்கும் தெற்கும்

தமிழ் 'மீரா'வின் வெற்றியைக் கண்டு ஹிந்தியிலும் அதைத் தயாரித்தார்கள். 1947-ல், தேசம் விடுதலை பெற்ற அதே வருஷத்தில், ஹிந்தி 'மீரா' வெளிவந்தது. கவியரசி சரோஜினி தேவி திரையிலேயே தோன்றி, தமிழ் நாட்டின் பாடகியை வடநாட்டாருக்கு அறிமுகம் செய்துவைத்தார். மதுரையில் பிறந்த ஒரு பெண், மேவாரில் வாழ்ந்த மீராவின் பாட்டை வடநாட்டாருக்கே பாடிக் காட்டினாள்!

காந்தியடிகளுக்கும் மீராவின் பஜனைகளுக்கும் உள்ள தொடர்பு வாசகர்கள் அறிந்ததே. ஆசிரமப் பிரார்த்தனைகளில் அவை இடம் பெற்றிருந்தன. 1925-ம் வருஷம் தம்மிடம் வந்து சேர்ந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதியின் மகள் மேடலின் ஸ்லேடுக்கு அவர் இட்ட பெயரும் மீராதான். 1947-ம் வருஷம் அடிகளின் விருப்பத்துக்கிணங்க ஸ்ரீமதி சுப்புலக்ஷ்மி மீராவின் பஜனை ஒன்றைப் பாடிப் பதிவு செய்து டில்லிக்கு அனுப்பினார். சில மாதங்களில், 1948 ஜனவரி 30-ம் தேதி, தேசம் அநாதையாயிற்று. அப்போது வானொலியில் அந்தப் பாட்டு ஒலித்தது. அதைத் தற்செயலாகக் கேட்ட பாடகியே மூர்ச்சையானார் என்பார்கள்.

ஸ்ரீமதி சுப்புலக்ஷ்மி அதன்பின் வேறு படத்தில் நடிக்கவில்லை. நடிகையாக அவர் நம்மிடம் கடைசியாக விட்டுச் சென்ற உருவம் மீராதான். அந்த உருவத்துக்கு ஒளி தந்தவர் டங்கன்.

யாருடைய மீரா?

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற தேசபக்தர்கள், ஒரு வெள்ளையரிடம் தங்கள் பக்திப் படத்தை ஒப்படைத்தது பொருத்தமா என்று கேட்கலாம். பொருத்தமே என்பது நம் கட்சி. சுதேசியம் என்பது அயலாரின் ஆதிக்கத்தை மறுப்பது. அயலாரின் வித்தையை மறுப்பதல்ல. பிடில் மேனாட்டிலிருந்து வந்த வாத்தியம். அதை மடியில் கிடத்தி, தோளுக்குப் பதிலாகக் காலில் ஊன்றி, நம் கமகத்தைப் பேசவைத்தவர்கள் நம் முன்னோர். இன்று பிடில் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? வாத்தியம் வந்ததனால் சங்கீதம் அயலாகிவிடவில்லை. சங்கீதம் வாத்தியத்தைத் தன்னதாக்கிக்கொண்டது. காமிராவும் அப்படியே, காமிராவுக்குப் பின்னால் நின்ற டங்கனும் அப்படியே.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கொடுப்பவர் ஆசானாகத் தோளில் ஏறி உட்காரக் கூடாது. கொள்பவர் அடிமையாகத் தலை குனியவும் கூடாது. 'மீரா'வில் பாட்டும் பொருளும் மொழியும் நம்மவர் வசம் இருந்தன. ஒளியும் கோணமும் ஒழுங்கும் டங்கன் வசம் இருந்தன. ஒருவர் எல்லையில் மற்றவர் கை வைக்காததனால்தான் படம் உருப்பட்டது. மொழியின் பெயராலும் ஊரின் பெயராலும் 'இவன் நம்மவன், அவன் அயலான்' என்று பிரிக்கும் பேச்சு வளர்ந்துவரும் இந்த நாளில், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிவைப்பது அவசியம் என்று கருதுகிறோம். நம்முடையதைக் காப்பதற்குக் கதவைத் தாழிட வேண்டியதில்லை. வீட்டில் பாடுகிறவர்கள் இருந்தால் போதும்.

டங்கன் 1950-ம் வருஷம் நம் நாட்டை விட்டுப் புறப்பட்டார். அவருடைய கடைசித் தமிழ்ப் படங்களில் ஒன்றான 'மந்திரி குமாரி'யின் எஞ்சிய பகுதியை மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் முடித்தார். தம் முதற்படத்தில் சிறு வேஷம் பெற்ற இளைஞர் அந்தப் படத்தில் கதாநாயகர்; அதற்கு வசனம் எழுதியவர் இன்னொரு இளைஞர். எழுதியவர் 1969-லும், நடித்தவர் 1977-லும் தமிழ்நாட்டின் முதலமைச்சர்கள் ஆனார்கள்! தமிழ் தெரியாத ஒருவரின் கூடத்தில் தமிழ்நாட்டின் வருங்காலம் உலவிக்கொண்டிருந்தது. 2001-ம் வருஷம், தொண்ணூற்றிரண்டாம் பிராயத்தில், டங்கன் தம் நாட்டில் காலமானார். அவரைப் பற்றி 'சென்னையில் ஓர் அமெரிக்கர்' என்ற செய்திப் படத்தைக் கரண் பாலி 2013-ல் எடுத்திருக்கிறார்.

காப்பாற்றுவது யார்?

'மீரா' இன்றும் கிடைக்கிறது. நம் பாக்கியம் அது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. அதற்குப் பின் இங்கே தயாரான மௌனப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' போன்ற மிகச் சிலவே தப்பிப் பிழைத்தன. அக்காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகவே உதிர்ந்து பொடியாகும். அதிலிருந்த வெள்ளிக்காகப் பிலிமை உருக்கியவர்களும் உண்டு. இந்திய சர்க்கார் புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகத்தை ஏற்படுத்தியது 1964-ல். அதற்குள் முதல் அரை நூற்றாண்டின் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாகிவிட்டது.

கோயில் சிலை களவு போனால் ஊர் கூடி அழுகிறோம். படம் மறைந்தால் மறைந்த செய்திகூட நமக்கு வருவதில்லை. படத்தைக் காப்பது காப்பகத்தின் கடமை. ஆனால் யாரும் பார்க்காத படத்தைக் காப்பகம் எத்தனை நாள் காக்கும்? நம் வகுப்பிலே 'காற்றினிலே வரும் கீதம்' என்ற பாட்டைக் கேட்டிருக்கிறோம் என்று கை தூக்கிய பிள்ளைகள் பலர். அது வரும் படத்தைப் பார்த்தவர் ஒருவருமில்லை. பாட்டு மட்டும் உதிர்ந்த பூவைப்போல் காற்றில் மிதந்துகொண்டிருக்கிறது. செடியைப் பற்றி விசாரிப்பார் இல்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்து வரும் விடுமுறை நாள் ஒன்றில், குடும்பத்தோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் 'மீரா'வைப் பாருங்கள். முதல் கால் மணி குழந்தைகள் நெளிவார்கள். கருப்பு வெள்ளைப் படமா என்று முகம் சுளிப்பார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். சிறுமியின் பாட்டு யுவதியின் பாட்டாக மாறும் இடம் வரும்போது அவர்களுடைய முகத்தைக் கவனியுங்கள். பிறகு, இதை எடுத்தவருக்குத் தமிழ் தெரியாது என்ற செய்தியைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அன்று மாலை முழுவதும் வேண்டியிருக்கும்.